சூட்டில் இறுகும் கொலாஜன், சூட்டில் உருகும் ஜெலட்டின்

ஆட்டுக்கால் சூப் வைக்கிற வீடுகளில் இது தெரிந்த விஷயம்தான். இரவில் மீந்த சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கரண்டி இறங்காது, கட்டியாக ஆடிக்கொண்டு நிற்கும். அடுப்பில் ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் மறுபடியும் தண்ணீர். எலும்பிலும் தசைநாரிலும் தோலிலும் இருந்த கொலாஜன் மணிக்கணக்கில் வெந்து, புரி அவிழ்ந்து, ஜெலட்டினாகிச் சூப்பில் இறங்கியிருக்கிறது. ஜெலட்டின் குளிரில் இறுகும், சூட்டில் உருகும்.

வேகாத கொலாஜன் இதற்கு நேர் எதிர். அதை மென்மையான அமிலத்தில் கரைத்துக் குளிரில் வைத்திருந்தால் கரைசலாகவே கிடக்கும். அமிலத்தை முறித்து, உடல் சூடான 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்துக்குள் இறுகிவிடும். ஒரே புரதம்தான், வெந்தால் ஒரு குணம், வேகாவிட்டால் ஒரு குணம். மனித உறுப்புகளுக்கான சாரத்தைக் கொலாஜனால் முப்பரிமாணமாக அச்சிடும் முயற்சி பல ஆண்டுகள் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அது வழி கண்டது இந்த முரண்பாட்டை வைத்துத்தான்.

சாரம் என்றதும் கட்டடத்துக்கு வெளியே மூங்கிலில் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவதுதான் நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் உடல் திசுக்களை உருவாக்கும் திசுப் பொறியியலில் சாரம் உள்ளே இருக்கும். செல்களை வெறும் தட்டில் வளர்த்தால் தட்டையாகப் பரவுமே தவிர, தசையாகவோ தோலாகவோ சேராது. பிடித்து ஏறுவதற்கும், இழுத்துப் பார்ப்பதற்கும், எந்தத் திசையில் நீளுவது என்று அறிவதற்கும் அவற்றுக்கு முப்பரிமாணப் பிடிமானம் ஒன்று வேண்டும். அந்தப் பிடிமானத்தைச் செல்கள் மெல்ல மெல்லக் கரைத்துவிட்டு, தாங்களே சுரக்கும் பொருளால் அதே இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளும். கொத்தனாரே சாரத்தைத் தின்றுவிட்டுச் சுவர் எழுப்புவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

உடலுக்குள் இந்தப் பிடிமானம் பெரும்பாலும் கொலாஜன்தான். பாலூட்டிகளின் மொத்தப் புரதத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை இதுவே. இதுவரை 28 வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் மிகுந்திருப்பது முதல் வகை. அதன் மேல் எங்கே பற்றுவது என்று செல்களுக்குத் தெரியும், அதை அறுக்கும் நொதிகளும் அவற்றிடம் உண்டு. பிளாஸ்டிக்கில் சாரம் அச்சிடுவது எளிது, பலரும் செய்கிறார்கள். ஆனால் செல்லுக்கு அது ஊர் பேர் தெரியாத இடம். (முகம் பொலிவு பெறும் என்று விற்கிற கொலாஜன் பவுடருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. குடித்தது வயிற்றில் துண்டு துண்டாகச் செரித்துப் போகிறது.)

இந்தப் புரதத்தின் வடிவம் முதலில் பிடிபட்டது சென்னையில். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுதான். அங்கு வருகை தந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னது அவரைப் பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே. கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ் கதிரில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் அவர் முன்வைத்த வடிவம், மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட சுருள். அடுத்த ஆண்டே அதை இருவரும் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இன்று 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்ற பெயரிலேயே ஓர் அரங்கம் இருக்கிறது.

முப்புரிக் கயிறு என்றே சொல்லிவிடலாம். ஒவ்வோர் இழையிலும் ஏறக்குறைய 1000 அமினோ அமிலங்கள், அவற்றில் மூன்றில் ஒன்று கிளைசின். கயிற்றின் நடுவே இடம் அவ்வளவு குறுகல். எல்லாவற்றிலும் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே உட்கார முடியும். ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்தாலே, தொட்டால் முறிகிற எலும்போடு குழந்தை பிறக்கும் நோய்க்கு அது போதும். இந்தக் கயிறுகள், ஒவ்வொன்றும் 300 நானோமீட்டர் நீளம், பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு நார்களாகின்றன. அடுக்கு கலையாதிருக்க அமிலமும் குளிரும் கூடாது. அமிலம் போய்ச் சூடு வந்ததும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். சூப்புப் பாத்திரத்தில் நடப்பது வேறு. அங்கே கயிறே புரி பிரிந்து, இழைகள் தனித்தனியாகிவிடுகின்றன. பிரிந்த இழைகள் ஆறும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிக்கிக்கொள்வதுதான் ஜெலட்டின் கட்டி.

கொலாஜன் சாரம் என்பது அச்சு இயந்திரங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் இயோனிஸ் யானஸும் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் மாட்டுத் தோல் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளையும் சேர்த்து, உறையவைத்து உலர்த்தி ஒரு பஞ்சு செய்தார்கள். மேலே மெல்லிய சிலிகோன் படலம். 1981-இல் கடும் தீக்காயம் பட்டவர்களிடம் அது பலன் தந்ததாக எழுதினார்கள். 1996-இல் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. பனிக்கட்டித் துகள்கள் இருந்த இடமெல்லாம் துளையாகும், செல்கள் அதற்குள் நுழையும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகப் பெரிய வெற்றி இன்றும் இதுதான், அதில் அச்சு என்ற பேச்சே இல்லை.

ஆனால் பஞ்சில் துளை எங்கே விழும் என்று நாம் சொல்ல முடியாது. தோலுக்கு அது பரவாயில்லை, அது மெல்லிய விரிப்பு. இதயச் சுவருக்கோ ஈரலுக்கோ அது போதாது. பெரும்பாலான திசுக்களில் ஒரு செல்லுக்கு 100, 200 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூரத்துக்குள் ஓர் இரத்த நாளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிராணவாயு எட்டாமல் செத்துப்போகும். ஆக, தடிப்பான திசு வேண்டுமென்றால் குழாய்களும் வாய்க்கால்களும் குறித்த இடத்தில் குறித்த அகலத்தில் ஓட வேண்டும். அதற்குத்தான் அச்சு.

சரி, அச்சிட என்ன தடை? முப்பரிமாண அச்சு இயந்திரம் செய்வது அடிப்படையில் இடியாப்பம் பிழிகிற வேலை. பிழிந்த இழை விழுந்த இடத்தில் நிற்க வேண்டும், மேல் அடுக்கைத் தாங்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக் ஆறியதும் நிற்கும். கொலாஜன் கரைசலோ கஞ்சித் தண்ணீர் மாதிரி. இறுக அரை மணி நேரம் எடுக்கும், அதற்குள் பரவிப் போய்விடும். இறுகிய பிறகும் கொழகொழப்புதான், தன் எடையிலேயே சரியும். ஆய்வாளர்கள் உறையும் தட்டில் பிழிந்து பார்த்தார்கள், வேறு பொருளைக் கலந்து கெட்டியாக்கிப் பார்த்தார்கள், ஒளியில் இறுகும்படி வேதிமாற்றம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கோடு தடித்துப் போகும், அல்லது கொலாஜன் கொலாஜனாக இருக்காது.

ஜாங்கிரி பிழிகிறவரைக் கவனித்தால் விடை பாதி தெரிந்துவிடும். உளுந்து மாவைத் துளையிட்ட துணியில் வைத்து, காய்ந்த எண்ணெயில் நேரடியாகச் சுற்றுகிறார். அதே மாவைத் தட்டில் சுற்றினால் வடிவம் நிற்காது. எண்ணெய் இரண்டு வேலை பார்க்கிறது. விழுந்த மாவைத் தாங்குகிறது, தொட்ட கணத்தில் இறுக்குகிறது. குறை ஒன்றுதான், எண்ணெய் ஓடும் பொருள். அதில் தட்டையாகத்தான் சுற்ற முடியும், கோபுரம் எழுப்ப முடியாது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஆடம் ஃபைன்பெர்க்கின் குழு 2015-இல் வெளியிட்ட 'ஃப்ரெஷ்' முறை இந்தக் குறைக்கு ஒரு தீர்வு. எண்ணெய்க்குப் பதில் ஜெலட்டின் துகள்கள் நெருக்கமாக நிறைந்த ஒரு தொட்டி. ஊறவைத்த ஜவ்வரிசியைப் பாத்திரம் நிறைய நெருக்கி வைத்தது போல, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஊசி நகரும் இடத்தில் துகள்கள் வழிவிடும், ஊசி கடந்ததும் மூடிக்கொள்ளும், மற்ற இடத்தில் திடப்பொருள் போல அசையாமல் நிற்கும். பிழிந்த இழை அந்தரத்தில் எங்கு விடப்பட்டதோ அங்கேயே தொங்கும். கீழிருந்து மேலே அடுக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. சந்தையில் கிடைத்த மேக்கர்பாட் என்ற முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்றின் தலையைக் கழற்றி, சிரிஞ்சைப் பொருத்திக்கொண்டார்கள். ஜெலட்டினை உடைத்தது வீட்டு உபயோக மிக்ஸி போன்ற ஒரு பிளெண்டரில். பெரிய ஆய்வு என்றதும் நாம் கற்பனை செய்கிற பளபளப்பு எதுவும் இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிளெண்டரில் அடித்த துகள் ஒழுங்கற்றது, சராசரி 65 மைக்ரான். மணல் சொரசொரப்பாக இருந்தால் அதில் வரைந்த கோடும் அப்படித்தான் வரும். 2019 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் வந்த இரண்டாவது பதிப்பில் இதைத்தான் மாற்றினார்கள். ஜெலட்டினைச் சாராயமும் தண்ணீரும் கோந்தும் கலந்த கரைசலில் மெதுவாகக் குளிரவிட்டால் 25 மைக்ரான் அளவில் உருண்டை உருண்டையாகப் பிரிகிறது. அடிப்பது இல்லை, உடைப்பது இல்லை. கோட்டின் தடிமன் 20 மைக்ரான் வரை இறங்கியது. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு.

இன்னொரு மாற்றம் அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன், செய்திகளில் அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கொலாஜன் இறுகச் சூட்டை நம்பியிருப்பதை விட்டுவிட்டார்கள். சிரிஞ்சில் இருப்பது அமிலத்தில் கரைந்த கொலாஜன், ஒரு மில்லிலிட்டருக்கு 12 முதல் 24 மில்லிகிராம். தொட்டியில் இருக்கும் நீரின் பி.எச். எனப்படும் அமில-கார அளவு 7.4, நம் இரத்தத்தின் அளவு. ஊசியை விட்டு வெளியே வந்த உடனேயே அமிலம் முறிந்து, இழை நின்ற இடத்தில் நிற்கிறது. ஜாங்கிரியில் எண்ணெய்ச் சூடு பார்த்த வேலையை இங்கே பி.எச். பார்க்கிறது. இதெல்லாம் அறை வெப்பத்தில், 22 டிகிரி வாக்கில் நடக்கும். அச்சு முடிந்ததும் தொட்டியை அப்படியே 37 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். கொலாஜன் இன்னும் உறுதியாகிறது. சுற்றியிருந்த ஜெலட்டின் சூப்பாகி வடிந்துவிடுகிறது. தாங்கிய பொருளைச் சுரண்டி எடுக்க வேண்டாம், கழுவ ரசாயனம் வேண்டாம், செல்கள் உள்ளே இருந்தாலும் அவற்றுக்கு அது பழகிய சூடுதான். அப்புறம், இழைக்குள் ஜெலட்டின் உருண்டைகளைக் கலந்து அச்சிட்டால் அவை உருகிய இடமெல்லாம் நுண்துளை. அப்படிச் செய்த கொலாஜனை எலியின் தோலுக்கடியில் வைத்தபோது மூன்றே நாளில் செல்கள் உள்ளே புகுந்திருந்தன. அச்சிடாமல் வார்ப்பில் ஊற்றி இறுக்கிய கெட்டிக் கொலாஜனுக்குள் அப்படி நுழையவில்லை.

அந்தக் கட்டுரையில் காட்டியவற்றில் 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள, மூன்று இதழ் கொண்ட இதய வால்வு ஒன்று. பச்சிளம் குழந்தையின் இதய அளவில் கொலாஜன் மாதிரி ஒன்று. உண்மையிலேயே துடித்தது சின்னஞ்சிறிய ஓர் இதயக் கீழறை மாதிரி மட்டும்தான். உள்ளும் புறமும் கொலாஜன் சுவர், நடுவில் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த மனித இதயத் தசைச் செல்கள். துடிப்பின் உச்சத்தில் சுவர் 14 சதவீதம் வரை தடித்தது. நலமான இதயச் சுவர் இதைவிட வெகுவாகத் தடிக்கும் என்றாலும், அச்சிட்ட ஒன்று ஒரே சீராகச் சுருங்கியதே பெரிய விஷயம்.

இங்கேதான் தலைப்புச் செய்திகள் வழி தவறின. "இதயத்தை அச்சிட்டார்கள்" என்று உலகமெங்கும் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் டால் டிவிரின் குழு, வயிற்றுக் கொழுப்புச் சவ்வின் செல்களை எடுத்துவிட்டு, எஞ்சிய புரதத்தையே மையாக்கி முயலின் இதய அளவில் ஒன்றைச் செய்தபோதும் இதே தலைப்பு. அதன் செல்கள் சுருங்கின, ஆனால் அது இரத்தத்தை இறைக்கவில்லை. மனித இதயத்தில் தசைச் செல்கள் மட்டுமே 200 கோடிக்கு மேல். அத்தனையையும் வளர்த்து, உயிரோடு வைத்து, ஒரே தாளத்தில் துடிக்க வைக்கும் வேலை சாரம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. வீட்டுக்குத் தூண் நட்டதைக் கிரகப்பிரவேசம் என்று எழுதினால் எப்படி?

நேரக் கணக்கும் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் இடத்தை 20 மைக்ரான் கோடுகளால் முழுக்க நிரப்ப இரண்டரை கிலோமீட்டர் நீள இழை வேண்டும். ஊசி வினாடிக்கு 20 மில்லிமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 35 மணி நேரம். அதே இடத்தை 200 மைக்ரான் கோட்டால் நிரப்ப 25 மீட்டர் போதும், இருபதே நிமிடம். கோட்டைப் பத்து மடங்கு மெலிதாக்கினால் வேலை நூறு மடங்கு. அதுவரை செல்கள் சிரிஞ்சுக்குள் பட்டினியாகக் காத்திருக்க முடியாது. ஆகவே நுணுக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடு, மற்ற இடத்தில் தடித்த கோடு என்று பிரித்துத்தான் ஆக வேண்டும்.

உறுதி இன்னொரு தொல்லை. புதிதாக இறுகிய கொலாஜன் நம் தசைநாரின் வலுவுக்குப் பக்கத்தில்கூட வராது. உடலில் நார்களுக்கிடையே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் குறுக்குப் பிணைப்புகள் விழுந்துகொண்டே இருக்கும். அதை ஆய்வகத்தில் அவசரமாகச் செய்ய குளுட்டரால்டிஹைடு உதவும். தோல் பதனிடும் தொழிலில் பயன்படுவதும் அதுதான், மாட்டின் இதய உறையில் செய்கிற செயற்கை வால்வுகளைப் பக்குவப்படுத்துவதும் அதுதான். தோல் பதனிடுவது என்பதே கொலாஜன் நார்களைக் குறுக்கே பிணைப்பதுதானே. ஆனால் பதனிட்ட தோலில் செல் வாழாது. எனவே உள்ளே செல் இருக்கும்போது ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினோடு புற ஊதா ஒளி போன்ற மிதமான வழிகளைத் தேடுகிறார்கள். கூம்பாக மெலியும் கருவிழிக்குக் கண் மருத்துவர்கள் ஏற்கெனவே செய்துவரும் சிகிச்சை அது.

கொலாஜன் எங்கிருந்து வருகிறது என்பதும் சும்மா கடந்துபோகிற கேள்வி அல்ல. ஆய்வகங்களில் எலி வால், தொழிலில் மாடும் பன்றியும். மாட்டுக்குப் பைத்திய மாட்டு நோய் (மேட் கவ்) பயம், இரண்டுக்கும் மதம் சார்ந்த தயக்கம். மீன் நல்ல மாற்று என்பார்கள், ஆனால் கோட் போன்ற குளிர்கடல் மீன்களின் கொலாஜன் 15 டிகிரி வாக்கிலேயே புரி அவிழ்ந்துவிடும், மனித உடலில் அது ஜெலட்டின்தான். இஸ்ரேலின் கோல்பிளான்ட் நிறுவனம் ஐந்து மனித மரபணுக்களைப் புகையிலைச் செடியில் ஏற்றி, மனிதக் கொலாஜனையே இலையிலிருந்து எடுக்கிறது. இரண்டு மரபணுக்கள் கொலாஜனின் இழைகளுக்காக, மீதி மூன்றும் அந்த இழைகளைப் பக்குவப்படுத்தும் நொதிகளுக்காக. புகையிலையால் உடலுக்கு ஒரு நன்மை என்று சொல்ல இப்படி ஒரு வழி!

நோயாளியின் உடல்வரை போய்ச் சேர்ந்தது எது என்று பார்த்தால் அச்சின் பங்கு இன்னும் சிறியதுதான். 2018-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் கொலாஜனும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும் கருவிழிச் செல்களும் கலந்த மையால் பத்து நிமிடத்துக்குள் ஒரு கருவிழியை அச்சிட்டது. அது ஆய்வகத்தோடு நின்றது. 2022-இல் ஸ்வீடனின் லின்சோப்பிங் பல்கலைக்கழகக் குழு, பன்றித் தோல் கொலாஜனை இரட்டைப் பிணைப்புப் போட்டு மெல்லிய வில்லையாக வார்த்து, இந்தியாவிலும் ஈரானிலும் 20 பேருக்கு வைத்த முடிவை வெளியிட்டது. அவர்களில் 14 பேர் அதற்கு முன் பார்வையற்றவர்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த 20 பேரில் ஒருவர்கூடப் பார்வையற்றவர் இல்லை. தானமாக வந்த கருவிழியை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், இந்த வில்லை இரண்டு ஆண்டு தாங்கும். அச்சும் இல்லை, உள்ளே செல்களும் இல்லை, வெறும் கொலாஜன் வில்லை. கருவிழிக்கு இரத்த நாளமே கிடையாது என்பதால் அது போதுமானதாக இருந்தது.

நாளம் வேண்டிய திசுக்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 2025-இல் ஃபைன்பெர்க் குழு அந்தப் பக்கம்தான் நகர்ந்தது. கொலாஜனிலேயே உட்குழாய்கள் கொண்ட சாரத்தை அச்சிட்டு, 100 மைக்ரான் அளவு வரை நுணுகும் அந்த வாய்க்கால்கள் வழியே திரவத்தை ஓட்டி, சுற்றிலும் செல்களை வாழவைத்தார்கள். சிலிகோன் தகடு, பிளாஸ்டிக் உறை எதுவும் இல்லாமல், சுவரும் குழாயும் எல்லாமே உடலுக்குப் பழகிய பொருள். அதில் வளர்த்த கணையம் போன்ற திசு, குளுக்கோஸ் வந்ததும் இன்சுலின் சுரந்தது. கணையத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. இன்சுலின் சுரக்கும் திசு துடிக்க வேண்டியதில்லை, எடை தாங்க வேண்டியதில்லை, கணையத்தின் வடிவத்தில் கணையம் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பக்கத்தில் இரத்தம் ஓடினால் போதும்.